தண்ணி குடிச்சீங்களா, அக்கா?

சென்ற மாதம் எங்கள் சபையின் செயலாளர் ஜெபராஜ், திருநகரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நான்கு பக்கத்துக்கு அச்சடித்த ஒரு படிவம். ஞானஸ்நானம் பெற வருகிறவர்களிடம் இனிமேல் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேள்விகளாகக் கேட்கப் போகிறார்களாம். ஒவ்வோர் ஐயரும் வந்து ஒவ்வொரு விதமாகச் செய்வதால் குழப்பம் வருகிறதாம். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்று சொல்வது வழக்கம். வெளியாட்கள் வேறு ஐயர் என்று நினைத்துக் குழம்புவதும் வழக்கம்.

"முப்பது வருசம் இந்த வேலையத்தானக்கா பாத்தீங்க. ஒரு தடவ படிச்சுப் பாத்து எது விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. அப்படியே நம்ம சபைப் பத்திரிகைக்கு ஒங்க அனுபவத்தையும் எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பத்துக் கேள்வி வரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பதினோராவது கேள்வி இது: 'பொட்டு, பூ முதலான பழைய வழக்கங்களை முற்றிலும் விட்டுவிட்டீரா? ஆம் / இல்லை.'

"இத யாரு எழுதுனது தம்பி?" என்று கேட்டேன்.

ஜெபராஜ் சிரித்தார். "நீங்கதான்க்கா. ஆலய பீரோவுல ஒங்க பழைய நோட்டு ஒண்ணு கெடந்துச்சு. அதுலருந்து அப்படியே எடுத்துட்டோம்."

நான் எழுதிய கேள்வியே என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே அவர் கேட்ட கட்டுரை இது. இரண்டு பக்கத்தில் அடங்காது, ஜெபராஜ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேதாகம ஊழியக்காரி. ஜனங்கள் பைபிள் அம்மா என்பார்கள். இரண்டு வருடம் பயிற்சிப் பள்ளியில் இருந்தேன். அங்கே கற்றதில் பாதி மனப்பாடம், மீதி வெயிலில் நடப்பது. பிறகு மதுரையின் தெற்குப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைப் பார்த்து, ஞானஸ்நானத்துக்கு விரும்பி வருகிறவர்களை ஆயத்தப்படுத்தி என் காலம் போயிற்று.

ஆயத்த வகுப்பு மூன்று மாதம் நடக்கும். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஆலயத்தின் பின்னறையில், ஒரே ஒரு மின்விசிறிக்குக் கீழே எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம் மூன்றையும் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் நான் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். பெண்கள் எனக்குப் பின்னால் 'பத்துக் கட்டளை அக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

என்னிடம் ஒரு நீள நோட்டு உண்டு. அதில் ஐந்து கட்டங்கள்: பெயர், வீடு, வீட்டில் யார் யார், மனப்பாடம், தடை. கடைசிக் கட்டத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதுவேன். குடி, சூதாட்டம், சோதிடம், வீட்டில் சண்டை, பொட்டு, பூ, எல்லாம் அதில் வரும். ஒவ்வொன்றாக நீங்க நீங்க அதன் மேல் நீல மையில் ஒரு கோடு போடுவேன். எல்லாத் தடையிலும் கோடு விழுந்த பிறகுதான் நோட்டு ஐயர் மேசைக்குப் போகும், அவர் கையெழுத்துப் போடுவார். அதுவரை வந்த ஐயர்கள் எல்லோரும் நோட்டைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். எஸ்தர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அப்படி இருந்தபோது தானியேல் ஐயர் மாற்றலாகி வந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர், அதனால் என்னை அக்கா என்றே கூப்பிட்டார். மெலிந்த உடம்பு, பழைய ஸ்கூட்டர், பிரசங்கம் சுமார்தான். பல நாள் பாதியில் நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல எனக்கே புரியல, ஜெபிப்போம்" என்று முடித்துவிடுவார். என்ன மனுசர் இவர் என்று எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது.

முதல் வாரம் நோட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்து நிமிர்ந்து, "இந்த வீடுகள்ல எல்லாம் தண்ணி குடிச்சீங்களா, அக்கா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. "எதுக்குய்யா தண்ணி? நான் போறது பாடம் சொல்லிக்குடுக்க."

"இல்ல, சும்மா கேட்டேன். தண்ணி குடிக்கணும்னா ஒக்காரணும்ல? ஒக்காந்தாத்தான் நாலு வார்த்த பேசுவாக" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நாள் முழுக்க நடக்கிற பொம்பளைக்குத் தண்ணீர் குடித்தால் என்ன கஷ்டம் என்று இந்த ஆம்பளைக்கு எப்படித் தெரியும்? பயிற்சிப் பள்ளியிலேயே எங்களுக்கு மூத்த ஊழியக்காரிகள் சொல்லிக் கொடுத்தது அது: வெளியே போனால் தண்ணீர் குடிக்காதே. அதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். "குடிச்சா ஒதுங்க எடம் வேணுமேய்யா. தெருவுல நான் எங்க போவேன்?"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்த வியாழக்கிழமை ஒரு துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான் போகிற ஒவ்வொரு பகுதியிலும் எங்கள் சபையார் வீடு ஒன்றின் பேர் அதில் இருந்தது. தன் மனைவி ஐயரம்மாவை அனுப்பி, ஒவ்வொரு வீட்டிலும் பேசி வைத்திருக்கிறார். எஸ்தர் அக்கா எந்த நேரம் வந்தாலும் கதவு திறக்க வேண்டும், எதற்கு வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. இருபது வருடம் வேலை பார்த்துவிட்டேன், அதுவரை ஒருவருக்கும் தோன்றாத விஷயம். அந்தக் காகிதம் இன்றும் என் பைபிளுக்குள் இருக்கிறது. ஆனாலும் நான் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கவில்லை. பழக்கம் விடவில்லை, பிடிவாதமும் விடவில்லை.

அவர் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கிற விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். விசுவாசப் பிரமாணத்தில் நான்காவது வரிக்கு மேல் அவருக்கு நாக்கு நகராது. மூன்று மாதம் போய் ஆறு மாதம் ஆயிற்று. தடைக் கட்டத்தில் 'மனப்பாடம் இல்லை' என்று எழுதி வைத்துவிட்டேன். தானியேல் ஐயர் அவரை உட்கார வைத்து, "அண்ணே, அது கெடக்கட்டும். நீங்க எத நம்புறீங்க? ஒங்க பேச்சுல சொல்லுங்க" என்றார்.

ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "நான் குடிச்சுப்புட்டு ரோட்டுல கெடந்த ஆளுங்கய்யா. எம்புள்ளைகளே பாத்துட்டுத் தெரியாத மாதிரி போயிருக்குக. இவரு மட்டும் போகல. அத நம்புறேன்" என்றார்.

ஐயர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. இப்படி ஆளுக்கு ஒரு பிரமாணம் சொன்னால் மற்றவர்கள் எதற்கு மூன்று மாதம் உயிரை விடுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம்.

இனி ராக்குவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் நான் எழுதாமல் விட்டது அவளைப் பற்றித்தான்.

ராக்குவின் வீடு அவனியாபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்பாள். பிள்ளைகள் இல்லை. கணவர் கருப்பையா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு பொங்கல் முடிந்த வாரத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போய்விட்டன, பேச்சும் குழறிப்போயிற்று. மாவு வாங்கப் போன எங்கள் சபைப் பெண் ஒருத்தி தினமும் அவர் கட்டில் பக்கத்தில் நின்று ஜெபித்துவிட்டு வருவாள். அவருக்குச் சுகம் கிடைக்கவில்லை. ஆனால் ராக்கு ஆலயத்துக்கு வர ஆரம்பித்தாள். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். இரண்டு வருடம் அப்படி வந்த பிறகு ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டாள்.

எதற்கு என்று கேட்டேன். அதுவும் என் கேள்விகளில் ஒன்று.

"நேந்துக்கிட்டு வரலக்கா. அவரு நல்லாக மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா இங்க வந்து ஒக்காந்தா, எனக்குப் பக்கத்துல ஒருத்தரு இருக்காருன்னு இருக்கு. அம்புட்டுத்தான். அவரோட பேர் எம்மேல இருக்கணும்னு ஆசையா இருக்கு."

அவளைப் போல ஒரு மாணவி எனக்குக் கிடைத்ததில்லை. மூன்றையும் ஐந்தே வாரத்தில் ஒப்பித்துவிட்டாள். கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று உரக்கச் சொல்லிப் பழகினாளாம். என் நோட்டில் அவளுக்கு ஒரே ஒரு தடைதான் மிச்சம் இருந்தது: பொட்டு. பெரிய குங்குமப் பொட்டு. அதுவும் நடு நெற்றியில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து, ஓரம் இழுபட்டு, குழந்தை வைத்தது போல இருக்கும். ஒழுங்கு பார்க்கிறவள் நான், அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள், "வைக்கிறதுதான் வைக்கிற, நேராவாவது வைக்கக் கூடாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ராக்குவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று. இன்னும் மூன்று வாரம். வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாக நிறுத்தினேன்.

"அடுத்த வாரம் வெறும் நெத்தியோட வா ராக்கு. இல்லாட்டி ஒம்பேர நான் எடுத்துருவேன்."

"சாமிக்கு அது ஆகாதாக்கா?"

"பழச விட்டாத்தான் புதுசு."

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போனாள். அடுத்த வியாழக்கிழமை வெறும் நெற்றியோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து, சிவப்பு மையில் இருந்த 'பொட்டு' என்ற சொல்லின் மேல் நீலக் கோடு போட்டேன். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை நானே அவனியாபுரம் போனேன். கிரைண்டர் ஓடவில்லை. கருப்பையா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் கேப்பைக் கஞ்சி ஆடை படிந்து கிடந்தது. ராக்கு வாசலுக்கு வந்தாள், கையில் ஒரு டம்ளர் தண்ணீர். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"வெறும் நெத்தியப் பாத்துட்டு, 'நான் செத்துட்டனா'ன்னு கேட்டாருக்கா. அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசல. மூணு நாளா கஞ்சியும் குடிக்கல. எனக்கு ஞானஸ்நானம் வேணாங்க்கா. அவரு வாயத் தொறந்து கஞ்சி குடிச்சாப் போதும்."

"அவர வச்சுச் சாத்தான் ஒன்னைச் சோதிக்கிறான் ராக்கு" என்று சொன்னேன். என் வாயால் சொன்ன வார்த்தை இது. எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன். வந்ததும் நோட்டில் அவள் பேருக்கு நேரே சிவப்பு மையில் 'பின்மாற்றம்' என்று எழுதினேன். விசுவாசத்திலிருந்து பின்வாங்கிவிட்டாள் என்று அதற்குப் பொருள்.

சனிக்கிழமை காலையில் நோட்டு ஐயர் மேசைக்குப் போயிற்று. மறுநாள் பிரசங்கத்துக்கு அவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ராக்குவின் வரியில் அவர் விரல் நின்றது. நடந்ததை எல்லாம் சொன்னேன். வெறும் நெற்றி, 'நான் செத்துட்டனா', கஞ்சி, எல்லாம். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தண்ணி குடிச்சீங்களா, அக்கா?"

"குடுத்தாங்கய்யா. நான் வாங்கல."

"அப்ப வாங்க. போயி குடிச்சுட்டு வருவோம்."

பிரசங்கக் குறிப்பு பாதியில் கிடந்தது. அவர் ஸ்கூட்டரில் போனார், நான் ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் எனக்காகக் காத்திருந்தார். உள்ளே போய், நாற்காலி இருந்தும் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ராக்கு பதறிப்போய், "ஏங்க, ஐயரு வந்திருக்காருங்க" என்றாள்.

சுவரைப் பார்த்தபடியே கருப்பையாவின் குரல் குழறிக்கொண்டு வந்தது. "எந்தக் கோயிலு ஐயரு? கருமாதி பண்ண இப்பவே வந்துட்டாரா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இல்லண்ணே. தண்ணி குடிக்க வந்தேன்."

ராக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றே ஒன்று. எனக்குக் கொண்டுவரவில்லை. எத்தனையோ முறை வேண்டாம் என்று கையைக் காட்டியவளுக்கு அவள் எதற்குக் கொண்டுவர வேண்டும்? ஐயர் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலக் கேட்டார்.

"அண்ணே, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல எல்லாருக்கும் கை குடுப்பேன். இவுக பொட்டு எப்பப் பாத்தாலும் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கும். ஒரு நாள் சாஞ்சா சரி, தெனமும் ஏன்ணே அப்படி?"

கருப்பையா மெல்லத் தலையைத் திருப்பினார். போர்வைக்குள் இருந்து இடது கையை வெளியே எடுத்தார். அது நடுங்கியது. விரல்களை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

ராக்குதான் சொன்னாள். "அவரு கைங்கய்யா. விழுந்ததுலருந்து அந்த ஒரு கைதான். நான் குளிச்சுட்டு வந்து கட்டில்கிட்டக் குனிவேன், அவரு வச்சுவிடுவாரு. நாள் பூரா அவரு செய்யிற வேல அது ஒண்ணுதான். அதுக்கே வேர்த்துக் கொட்டிரும். 'கோணலாப் போச்சா'ம்பாரு. நேராத்தான் இருக்கும்பேன். கண்ணாடி பாத்தாக் கண்டுபிடிச்சுருவாருன்னு அவரு முன்னாடி கண்ணாடியே பாக்க மாட்டேன்."

அந்தக் கோணலைத்தான் நான் பத்துப் பெண்கள் முன்னால் கேலி பண்ணினேன். அந்தக் கையைத்தான் தடை என்று சிவப்பு மையில் எழுதினேன். இரண்டு வருடமாக அந்த நெற்றியை வாரா வாரம் பார்த்தேன், ஏன் என்று ஒரு தடவை கேட்கவில்லை. ஐயரும் அதே நெற்றியைத்தான் பார்த்தார்.

ஜன்னலில் ஒரு பவுடர் டப்பா மூடியில் குங்குமம் இருந்தது. ஐயர் எழுந்து போய் அதை எடுத்துவந்து, கருப்பையாவின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். "தப்பு எங்களோடதுண்ணே. மன்னிச்சுக்கோங்க" என்றார். எங்களோடது என்று சொன்னார். தப்பு முழுக்க என்னுடையது.

ராக்கு நம்பாமல் பார்த்தாள். "அப்ப என்னோட ஞானஸ்நானம்?"

"அண்ணனுக்குச் சம்மதம்னா குறிச்ச நாள்ல நடக்கும். அவரு வச்சுவிட்ட பொட்டோடயே வாங்க."

கருப்பையா ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "சாமி... அவளுக்கு. பொட்டு... எனக்கு" என்றார்.

"சரிண்ணே" என்றார் ஐயர், அது ஏதோ வழக்கமான ஏற்பாடு என்பது போல.

ராக்கு குனிந்தாள். அந்த விரல் நெற்றிக்குப் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரத்தில் எங்களில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பொட்டு இடது புருவத்துக்கு மேலே போய் விழுந்தது. பிறகு அவள் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள், அவர் குடித்தார்.

சபை மூப்பர்கள் சும்மா விடவில்லை. மற்றவர்களுக்கு எல்லாம் விதி, இவளுக்கு மட்டும் சலுகையா என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அந்த விதியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஐயர் எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டார். கடைசியில், "அது அவுக வீட்டுக்காரரு கை. அந்தக் கையத் தட்டிவிட்டுட்டு வாம்மான்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல. ஒங்கள்ல யாருக்காவது தெம்பிருந்தா அவனியாபுரம் போயி, அவரு மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு வாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்கேன்" என்றார்.

யாரும் போகவில்லை.

ஞானஸ்நானத்தன்று ராக்கு வெள்ளைப் புடவையில் வந்தாள். புதுப் பேர் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றதும் வேதத்தில் வருகிற மார்த்தாளின் பேரை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். 'அந்தம்மாவும் என்னைய மாதிரி அடுப்படியிலயே கெடந்தவுகதான' என்பது அவள் சொன்ன காரணம். பேர் வைத்தோமே தவிர எல்லோருக்கும் அவள் ராக்குதான். மூன்று முறை தலையில் தண்ணீர் ஊற்றினார் ஐயர். குங்குமம் கரைந்து மூக்கு வழியாக இறங்கி, வெள்ளைப் புடவையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. துண்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். முகத்தைத் துடைத்துவிட வேண்டியது என் வேலை. ஆனால் நான் துடைக்கவில்லை. ஐயர் தன் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். விரல் சிவந்தது, யோசிக்காமல் அதைத் தன் வெள்ளை அங்கியில் துடைத்துக்கொண்டார். எத்தனை துவைத்தும் அந்தக் கறை போகவில்லை என்று ஐயரம்மா பிறகு சொல்வார்கள்.

அடுத்த வருடம் தானியேல் ஐயரை மாற்றிவிட்டார்கள். மூப்பர்கள் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்களா, வழக்கமான மாற்றலா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. ஸ்கூட்டரில் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து கை கூப்பி, "வாரேன்க்கா. வெயில்ல நடக்குறீங்க, தண்ணி குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கருப்பையா இன்னும் நான்கு வருடம் இருந்தார். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ராக்குவிடமிருந்து போன் வந்தது. "அவரு போயிட்டாருக்கா." நான் போனபோது சந்து முழுக்க அவருடைய சொந்தக்காரர்கள். அவர் விருப்பப்படி அவர்கள் வழக்கத்திலேயே எல்லாம் நடந்துகொண்டிருந்தது, அதில் எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை. மதியம் சவத்தை எடுக்கிற நேரம் வந்தது. கருப்பையாவின் அக்காள் பொன்னுத்தாயி, ராக்குவின் நெற்றிப் பொட்டை அழிப்பதற்காக ஒரு சொம்புத் தண்ணீரும் துணியுமாக வந்து நின்றாள். பொல்லாதவள் என்று சொல்ல முடியாது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. அவளுக்குத் தெரிந்த விதி அது.

ராக்கு பின்னுக்கு நகர்ந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள். "மதினி, ஒங்க கையால வேணாம். எஸ்தர் அக்கா செய்யட்டும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சமும் குத்தல் இல்லாமல் சொன்னாள்: "அன்னைக்கு அழிக்கச் சொன்னது நீங்கதானக்கா. இப்ப நீங்களே அழிச்சு விட்ருங்க."

பொன்னுத்தாயி சொம்பை என் கையில் கொடுத்தாள். நான் ராக்குவின் முன்னால் உட்கார்ந்தேன். அவ்வளவு கிட்டத்தில் அந்த நெற்றியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பொட்டு கோணலாக இருந்தது, ஓரத்தில் விரல் நடுங்கிய இழுப்பு. அன்று காலையில் வைத்தது. வைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்விட்டார்.

எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். துணியை நனைப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் சொம்பைத் தூக்கி, அந்தத் தண்ணீரைக் குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். அந்த வீட்டில் நான் குடித்த முதல் தண்ணீர் அது.

"என்னம்மா பண்ணிப்புட்டீங்க?" என்றாள் பொன்னுத்தாயி.

"ஒங்க தம்பி வச்சது தாயி. என்னால அழிக்க முடியாது. ஒங்களால முடியுமா, பாருங்க" என்று நகர்ந்து வழிவிட்டேன்.

பொன்னுத்தாயி குனிந்து பார்த்தாள். அந்தக் கோணலைப் பார்த்ததும் அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். துணியால் தன் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே ராக்குவின் மடியில் சாய்ந்துவிட்டாள். வேறு யாரும் முன்னே வரவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். பொட்டு அப்படியே இருந்தது. சாயங்காலத்துக்குள் வேர்வையிலும் கண்ணீரிலும் தானாகவே கரைந்துபோயிற்று.

விதி எதுவுமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் பண்ணத்தான் வேண்டும். இன்றைக்கும் யாராவது என் முன்னால் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் நமைச்சல் எடுக்கிறது. ஆனால் தானியேல் ஐயர் எங்கள் சபையில் இருந்த அந்தச் சில வருடங்களில், நான் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அன்பு நடமாடுவதை என் கண்ணால் பார்த்தேன். அந்த மனுசரிடம் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கிற பெருமை வேறு எதிலும் இல்லை.

படிவத்தை நேற்று ஜெபராஜுக்கு அனுப்பிவிட்டேன். பதினோராவது கேள்வியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'அவர் வீட்டில் தண்ணீர் குடித்தீர்களா?' என்று எழுதியிருந்தேன். இன்று காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பதினோராவது கேள்வி புரியலையே. இத ஞானஸ்நானத்துக்கு வாரவுககிட்ட எப்படிக் கேக்குறது?"

"அவுககிட்டக் கேக்க இல்ல தம்பி. அது நமக்கு."